பூனை, நாய், பறவை இருக்கும் வீட்டில் சோபாவுக்குக் கறைத்தடுப்பு ஸ்பிரே அடிக்கலாமா?

கேள்வி இதுதான்: புதிதாகத் துணி சோபா வாங்கியாயிற்று. வீட்டில் இரண்டு பூனை, ஒரு நாய், கூண்டில் ஒரு ஜோடி பட்ஜி. கறை பிடிக்காமல் இருக்க ஸ்பிரே அடித்தால் பிராணிகளுக்கு ஆபத்தா, எவ்வளவு நேரம் அவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும்?

அடிக்கலாம். ஆனால் பிராணிகள் புழங்கும் அறைக்குள் அடிக்காதீர்கள். கழற்ற முடிகிற குஷன்களையும் உறைகளையும் வெளியே கொண்டுபோய் அடித்து, அங்கேயே காயவிட்டு உள்ளே எடுங்கள். வாயு அழுத்தத்தில் சீறும் ஏரோசால் டப்பாவை விட்டுவிட்டு, கையால் அழுத்தும் பம்ப் பாட்டிலில் வரும் தண்ணீர் அடிப்படையிலான தயாரிப்பை எடுங்கள். பூனையையும் நாயையும் குறைந்தது 24 மணி நேரம் சோபாவிடம் விடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமென்றால் 48 மணி நேரம். சோபாவை வீட்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டுமென்றால், பட்ஜிகளை அடுத்த அறைக்கு மாற்றினால் போதாது. இரண்டு நாள் வேறு வீட்டில் விட வேண்டும். காரணம் தெரிந்தால்தான் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பது பிடிபடும்.

ஆபத்து எப்போது, எப்படி

துணியில் முழுதாகக் காய்ந்த பூச்சால் உடனடித் தீங்கு குறைவு. அடிக்கும்போது பறக்கும் மூடுபனி, அது படிந்து ஈரமாக இருக்கும் மணிநேரங்கள், காயும்போது எழும் கரைப்பான் ஆவி, இந்த மூன்றும்தான் பிராணியை மருத்துவரிடம் கொண்டுபோகின்றன.

இதில் மூடுபனிதான் மோசமானது. துணி மேல் தண்ணீரை உருண்டோட வைக்கும் அதே குணம்தான் நுரையீரலையும் கெடுக்கிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கும்; மூச்சை விடும்போது அறைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் தாங்குவது அதுதான். ஃபுளூரின் பாலிமரோ சிலிக்கோனோ கலந்த நுண்துளிகள் அங்கே போய்ப் படிந்தால் அந்தப் படலம் குலைகிறது, அறைகள் மூடிக்கொள்கின்றன, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மனிதர்களுக்கே இது நடந்திருக்கிறது. 2006 மார்ச்சில் ஜெர்மனியில் கண்ணாடி, ஓடு மீது அடிக்கும் ஒரு பாதுகாப்பு ஸ்பிரேயால் சில நாட்களில் ஏறக்குறைய நூறு பேர் மூச்சுத் திணறலுக்கு ஆளாகி, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அதே பெயரில் பம்ப் பாட்டிலாக விற்ற காலத்தில் அப்படிப் புகார் எழவில்லை. ஏரோசால் டப்பாவில் அடைத்த பிறகுதான் வந்தது. சுமார் 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துளிகள்தான் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஏரோசால் அத்தகைய துளிகளை நிறைய உண்டாக்குகிறது. கைப்பம்ப் பெரிய துளிகளாகத் தள்ளுகிறது, அவை சீக்கிரம் கீழே விழுந்துவிடும். பம்பை வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தது ஆவி. பெட்ரோலிய வடிப்புக் கரைப்பான்களின் ஆவியும், டப்பாவிலிருந்து மருந்தைத் தள்ளும் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை தரையோடு தங்கும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் மூக்குக்கு வாடை குறைந்துவிட்டது போலத் தோன்றும் நேரத்தில், தரையில் படுத்திருக்கும் நாய் அதைவிடச் செறிவான காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். வாடையைச் சோதிக்க வேண்டுமென்றால் முட்டிபோட்டுக் குனிந்து சோதியுங்கள்.

பறவை விஷயத்தில் சமரசமே கூடாது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. காற்றுப்பைகளின் உதவியால் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே போகிறது. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை இப்படி எடுத்துக்கொள்ளும் உடல், காற்றில் உள்ள நஞ்சையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்ளும். காய்ந்துபோய்ச் சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் புகையில் கூண்டுப் பறவைகள் நிமிடங்களில் செத்துப்போவதும் இதே காரணத்தால்தான்.

பூனைக்கு நாக்குதான் வாசல். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கும். உரோமத்தில் படிந்த மூடுபனி, ஈரச் சோபாவில் மிதித்த பாதத்தில் ஒட்டியது எல்லாம் சில மணி நேரத்தில் வயிற்றுக்குப் போய்விடும். அதோடு, பல நச்சுகளைக் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் வழி பூனைக்கு மிகவும் பலவீனம். நாய் சமாளித்துவிடும் அளவு பூனைக்குத் தாங்காமல் போகலாம்.

குட்டிகள், சினையாக உள்ளவை, ஆஸ்துமா உள்ள பூனை, பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் முயல், வெள்ளெலி மாதிரிச் சின்னப் பிராணிகள் எல்லாவற்றையும் பறவைக்குச் சொன்ன கணக்கிலேயே வையுங்கள். மீன் தொட்டி இருந்தால் அந்த அறையில் அடிக்கவே கூடாது. காற்றுப் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடுகிறது. பம்பை நிறுத்திவைத்தால் மீனுக்கு ஆக்சிஜன் குறைகிறது. இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி கிடையாது.

டப்பாவில் எதைப் பார்ப்பது

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். விஷயம் பின்பக்கத்திலும், தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளிலும் இருக்கிறது. அந்தத் தாள் எந்த நிறுவனத்துடையதானாலும் 16 பகுதிகள்தான், வரிசையும் மாறாது. 2-ஆம் பகுதியில் ஆபத்துகள், 3-இல் என்னென்ன கலந்திருக்கிறது, 4-இல் முதலுதவி. இந்த மூன்றைப் படித்தால் போதும். 2-ஆம் பகுதியில் ‘எச்304’ என்று இருந்தால், விழுங்கும்போதோ வாந்தியெடுக்கும்போதோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்தான எண்ணெய்க் கரைப்பான் உள்ளது என்று பொருள். ‘எச்222’ கடுமையாகத் தீப்பற்றும் ஏரோசால். ‘எச்336’ ஆவியால் மயக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதற்கு. ‘எச்410’, ‘எச்411’ நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு. இந்தக் குறியீடுகளில் எதுவும் இல்லாத தண்ணீர் அடிப்படைத் தயாரிப்பு கிடைத்தால் தேடல் முடிந்தது.

3-ஆம் பகுதியில் நாப்தா, பெட்ரோலிய வடிப்பு, டொலுவீன், 2-பியூட்டாக்சி எத்தனால் என்று பார்த்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிய அளவில் இருப்பது பரவாயில்லை. அது சீக்கிரம் பறந்துவிடும், ஆனால் பறக்கும் நேரத்தில் தீப்பற்றும்.

கறையைத் தடுக்கும் பொருள் எது என்பது அடுத்த கேள்வி. ஃபுளூரின் சேர்மங்கள், அதாவது பி.எஃப்.ஏ.எஸ். வகை, தண்ணீரையும் எண்ணெயையும் தள்ளும். சிலிக்கோனும் மெழுகு வகையும் தண்ணீரைத்தான் தள்ளும். எண்ணெய்க் கறைக்கு அவை அவ்வளவாக உதவாது. பிராணி வீட்டில் வருவது பெரும்பாலும் சிறுநீர், வாந்தி, எச்சில், சேறு போன்ற நீர்க்கறைகள். ஆகவே ஃபுளூரின் இல்லாததை எடுப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. லாபம் உண்டு: பி.எஃப்.ஏ.எஸ். எளிதில் சிதையாதவை. துணி தேயத் தேய அவை வீட்டுத் தூசியில் சேரும். தரையில் புரண்டு அந்தத் தூசியை உரோமத்திலிருந்து நக்கும் பூனைகளின் ரத்தத்தில் இவை இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது ஒரே நாளில் நோயாக்கும் விஷயமல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்வது.

இங்கே ஒரு ஏமாற்று வாசகத்தைக் கவனியுங்கள். ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’, ‘பி.எஃப்.ஓ.எஸ். இல்லை’ என்றால் பி.எஃப்.ஏ.எஸ். இல்லை என்று அர்த்தமல்ல. அவை இரண்டும் அந்தப் பெரிய குடும்பத்தில் இரண்டே உறுப்பினர்கள். ஸ்காட்ச்கார்டு என்ற கறைத்தடுப்பு ஸ்பிரேயைத் தயாரித்த 3எம் நிறுவனம் பி.எஃப்.ஓ.எஸ்.ஸைக் கைவிடுவதாக 2000-லேயே அறிவித்தது. எளிதில் சிதையாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது 2009-இல் ஏறியது. அவற்றின் இடத்துக்குப் பெரும்பாலும் வந்தவை அதே குடும்பத்தின் குட்டைச் சங்கிலிச் சேர்மங்கள். ‘பி.எஃப்.ஏ.எஸ். இல்லை’ அல்லது ‘ஃபுளூரின் இல்லை’ என்று முழுதாகச் சொன்னால்தான் கணக்கு. ‘செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது’ என்ற வரிக்கும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ‘காய்ந்த பிறகு’ என்று இருக்கும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

பூனை இருக்கும் வீட்டில் ஒரு பொருளை வாசலிலேயே நிறுத்த வேண்டும்: பெர்மெத்ரின். கூடாரம், முகாம் உடை, வெளிப்புற இருக்கைத் துணிகளுக்குப் பூச்சி விரட்டும் ஸ்பிரே என்று விற்பதில் இது இருக்கும். நீர்த்தடுப்பு ஸ்பிரேக்களுக்குப் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருப்பார்கள். நாய்க்கு உண்ணி மருந்தாகவே பயன்படும் பொருள் இது. ஆனால் ஈரமாக இருக்கும்போது பூனை மேல் பட்டால் உடல் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகலாம். மீனுக்கும் கொடிய நஞ்சு.

இது உங்களுக்குத் தேவைதானா

ஸ்பிரே செய்வது ஒன்றே ஒன்று: சிந்திய திரவம் துணிக்குள் இறங்கச் சில நிமிடங்கள் தாமதிக்கும். அதற்குள் ஒற்றி எடுத்தால் கறை இல்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது நாய் சிறுநீர் கழித்தால், அதன் மேலேயே உட்கார்ந்தால், அழுத்தத்தில் அது உள்ளே போகத்தான் போகும். சில நேரம் நிலைமை மோசமாகக்கூட ஆகும்: மேலே நிற்க முடியாத திரவம் உருண்டு தையல் இடுக்கில் இறங்கி, ஸ்பிரே படாத ஃபோமை நனைத்துவிடும். உரோமம் ஒட்டுவதையும் நகக் கீறலையும் எந்த ஸ்பிரேயும் தடுக்காது.

ஆகவே பயிற்சி முடியாத நாய்க்குட்டியோ, சிறுநீரால் எல்லை குறிக்கும் பூனையோ, சிறுநீரை அடக்க முடியாத வயதான பிராணியோ இருந்தால் ஸ்பிரேயைவிட ஜிப் வைத்த, துவைக்கிற உறையும், அதற்கடியில் குஷனைச் சுற்றி நீர்புகா உறையும்தான் சரியான செலவு. ஸ்பிரே லாபமாவது, வளர்ந்த, பழகிய பிராணி உள்ள வீட்டில். அங்கே எச்சில், சேற்றுக்கால், எப்போதாவது ஒரு வாந்தி, அவ்வளவுதான் பிரச்சினை. கடையிலேயே கறைத்தடுப்புப் பூசி வந்த துணியா என்றும் கேளுங்கள். அப்படியானால் இன்னொரு பூச்சு வேண்டாம். சரியாகப் பிடிக்காமல் பொடி பொடியாக உதிரும், உதிர்வது பிராணியின் உரோமத்தில்தான் போய்ச் சேரும்.

அடிப்பதற்கு முன்

அழுக்குத் துணியில் அடித்தால் அழுக்கையே பூட்டி வைப்பீர்கள். பயன்படுத்திய சோபாவானால் முதலில் வேக்யூமால் உரோமத்தை இழுத்தெடுங்கள். பழைய சிறுநீர்க் கறை இருந்தால் அதைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, அடியில் ஃபோம்வரை நனையவிட்டு, லேபிளில் சொன்ன நேரம் வைத்து, ஒற்றி எடுத்து முழுதாகக் காயவையுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. முதலில் ஸ்பிரேயை அடித்துவிட்டால் பிறகு என்சைம் கிளீனரும் துணிக்குள் இறங்காது. நாற்றம் உள்ளேயே இருக்கும், பிராணியும் மோப்பம் பிடித்து அதே இடத்துக்கு வரும்.

சோப்பு மிச்சம் இருந்தாலும் பூச்சு வேலை செய்யாது. சோப்பு தண்ணீரைத் துணிக்குள் இழுக்கும் பொருள், ஸ்பிரே தள்ளும் பொருள். இரண்டில் சோப்புதான் ஜெயிக்கும். உறையைத் துவைத்திருந்தால் கடைசியாக ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள், துணி மென்மையாக்கி போடாதீர்கள். ‘ஸ்பிரே அடித்தும் தண்ணீர் இறங்குகிறது’ என்று வரும் புகார்களுக்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

சோபாவின் அடியிலோ குஷன் ஜிப் அருகிலோ சிறு சீட்டில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ என்றால் கரைப்பான் மட்டும்தான் படலாம், தண்ணீர் கூடாது. ‘டபிள்யூஎஸ்’ இரண்டுக்கும் ஆகும். ‘எக்ஸ்’ என்றால் வேக்யூம் தவிர எதுவும் கூடாது. ‘எஸ்’ துணியில் தண்ணீர் அடிப்படை ஸ்பிரே வளையமாகக் கறை விடலாம். கரைப்பான் ஸ்பிரே பிராணி வீட்டுக்கு ஆகாது. இந்த இரண்டு எழுத்துக்கும், அதாவது ‘எஸ்’ஸுக்கும் ‘எக்ஸ்’ஸுக்கும், ஸ்பிரேயை மறந்துவிட்டு மேலே விரிப்பு போடுவது நல்லது.

கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, காய்ந்த பிறகு வெள்ளைத் துணியால் தேயுங்கள். நிறம் ஒட்டினாலோ துணி முறுக்கேறினாலோ அந்தத் துணிக்கு அந்த ஸ்பிரே சேராது.

எவ்வளவு வாங்குவது? மூன்று பேர் உட்காரும் சோபாவில் இருக்கை மேற்பரப்பு 1.8 மீட்டருக்கு 0.6 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1.1 சதுர மீட்டர். சாய்வின் முன்பக்கம் 0.9, இரண்டு கைப்பிடிகள் சேர்ந்து 1.2, முன்பட்டை 0.5. மொத்தம் 3.7 சதுர மீட்டர். இதை லேபிளில் உள்ள பரப்பளவுக் கணக்கோடு ஒப்பிட்டு வாங்குங்கள். முதுகுப்பக்கமும் அடிப்பக்கமும் கறைபடும் இடமல்ல, அங்கே அடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் வரும் ரசாயனத்தைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அடிக்கும் நாள்

காற்று லேசாக வீசும், மழை இல்லாத காலை நேரம் நல்லது. சாயங்காலம்வரை காய நேரம் கிடைக்கும். பூனையையும் நாயையும் வேலை தொடங்கும் முன்பே தூர அறையில் விட்டு, கதவை மூடி, அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ‘அடிக்கும்போது விரட்டிக்கொள்ளலாம்’ என்பது பூனையிடம் நடக்காது. சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், பொம்மை, படுக்கை எதுவும் அடிக்கும் இடத்தில் கிடக்கக் கூடாது.

குஷன்களை வெளியே பழைய விரிப்பின் மேல் பரப்புங்கள். காற்று உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து வரும்படி நில்லுங்கள். வீட்டின் ஜன்னல், ஏசியின் வெளிக்காற்று உறிஞ்சும் துவாரம், பக்கத்து வீட்டுப் பறவைக் கூண்டு இவை காற்றின் போக்கில் இருக்கக் கூடாது. பாட்டிலை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒரே திசையில், ஒரு பட்டையின் மேல் அடுத்த பட்டை கொஞ்சம் ஏறும்படி மெல்லியதாக அடியுங்கள். துணி ஈரப்பதமாகத் தெரிந்தால் போதும், சொட்டினால் அதிகம். தையலோரங்களில் மட்டும் இரண்டாவது தடவை கொடுங்கள், திரவம் இறங்குவது அங்கேதான். முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே முழு இரண்டாம் பூச்சு. குறைவாக அடித்ததால் கெட்ட சோபாவைவிட அதிகமாக அடித்ததால் கெட்டவைதான் நிறைய: கனத்த பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், பிசுபிசுக்கும், வெள்ளையாகப் பூக்கும், தூசியை இழுக்கும், பூனை அந்த ஒட்டலை நக்கிப் பார்க்கும்.

நகராத சட்டத்தை வீட்டுக்குள்தான் அடிக்க வேண்டும் என்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் காற்றை வெளியே தள்ளும்படி விசிறியை வையுங்கள். கரைப்பான் கலந்த ஸ்பிரேயானால் சாதாரண மின்விசிறியை அந்த ஆவிப்பாதையில் ஓட்டாதீர்கள், மோட்டார்ப் பொறி ஒன்றே தீப்பிடிக்கப் போதும். ஏசி கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது அறைக் காற்றையே சுற்றவிடும், குழாய் வழி ஏசியானால் மற்ற அறைகளுக்கும் கொண்டுபோகும். அடிக்கும்போது சீலிங் ஃபேன் வேண்டாம், மூடுபனியைத் தூக்கி அறை முழுக்கப் பரப்பும். படிந்த பிறகு போடலாம். சோபாவைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் தரையை மூடுங்கள். ஓடு, மரத்தரையில் படியும் மருந்து வழுக்கும். நாயின் பாதத்தில் ஏறி நாக்குக்குப் போகும். எல்லாம் முடிந்ததும் விரிப்பை உள்பக்கம் மடித்து எடுத்து, தரையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

அடிப்பவர் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போடட்டும். துணி முகக்கவசமும் அறுவை சிகிச்சை முகக்கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது; அதற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் குப்பியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த கவசம் வேண்டும். சிகரெட் பிடித்துக்கொண்டே அடிப்பது இரட்டைத் தப்பு: தீ ஒன்று, காற்றில் உள்ள ஃபுளூரின் பாலிமர் சிகரெட் நுனியின் சூட்டில் சிதைந்து இன்னும் கொடிய புகையாவது இன்னொன்று. வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றி, கை முழங்கைவரை கழுவிய பிறகே பூனையைத் தூக்குங்கள்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

லேபிளில் ‘2 மணி நேரத்தில் காயும்’ என்றால் அது தொட்டால் ஒட்டாத நேரம். பிராணி புரள்வதற்கான நேரம் அல்ல. மடித்த வெள்ளை டிஷ்யூவைத் தையலோரத்தில் வைத்து, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்தி எடுங்கள். ஈரமோ பிசுபிசுப்போ தெரிந்தால் இன்னும் காயவில்லை. பிறகு ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தை மோந்து பாருங்கள். மேலே வாடை போய் உள்ளே இருப்பது சகஜம். இரண்டும் சரி என்றால், ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டு உருண்டு நிற்கிறதா என்று பார்த்து ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையரால் விரட்டிக் காயவைக்க வேண்டாம். ஆவியை மறுபடி கிளப்புவீர்கள், கரைப்பான் இருந்தால் தீயும் பிடிக்கும்.

பூனை, நாயை விடும் முதல் நாள் சோபா மேல் சுத்தமான விரிப்பைப் போட்டுவையுங்கள். அதன் பிறகும் நாய் ஓரிடத்தையே விடாமல் நக்கினால், அங்கே கனமாக விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பிராணியின் படுக்கை, போர்வை, பொம்மை, கழுத்துப்பட்டை, பூனை பிராண்டும் கம்பம், கூண்டை மூடும் துணி எதற்கும் இதை அடிக்காதீர்கள், எவ்வளவு காய்ந்தாலும் சரி. வாயில் கவ்வும், முகம் புதைத்துத் தூங்கும் துணிகள் அவை. துவைத்தால் போயிற்று.

தப்பித்தவறி நடந்துவிட்டால்

மூடுபனியை மூச்சில் இழுத்துவிட்டதென்றால் உடனே புதுக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். நுரையீரல் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும், ஆகவே 24 மணி நேரம் கண் வைத்திருங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்: நாய்க்கும் பூனைக்கும் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை சாதாரணம், 40-ஐத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டால், ஈறு வெளிறினால், நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பறவை அலகைத் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தால் அதுவும் அவசரமே.

உரோமத்தில் பட்டிருந்தால் நக்குவதற்கு முன் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் மிதமான திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். தின்னர், ஸ்பிரிட் எதையும் தொடாதீர்கள். துடைத்து உலர்த்துங்கள், பூனைக்குக் குளிர் சீக்கிரம் பிடிக்கும். கண்ணில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரை 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

நக்கி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய் என்று எதையும் புகட்டாதீர்கள். எண்ணெய்க் கரைப்பான் வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆளைக் கொல்வது. வாயைத் துடைத்து, மருத்துவரை அழையுங்கள். பாட்டிலையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் முதலில் பார்ப்பது 3-ஆம், 4-ஆம் பகுதிகளைத்தான். நாய் ஏரோசால் டப்பாவைக் கடித்துத் துளைத்திருந்தால், சீறிய வாயு வாய்க்குள் குளிர்ப்புண்ணையும் ஆக்கியிருக்கும். வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

ஆள் வைத்து அடிப்பதென்றால்

தொழில்முறை ஆட்கள் மின்ஸ்பிரேயர் கொண்டுவருவார்கள். கைப்பம்பைவிடத் துளி சிறிதாக இருக்கும், அறையில் அதிக நேரம் மிதக்கும். வருவதற்கு முந்தைய நாளே பொருளின் பெயரையும் தரவுத் தாளையும் வாங்கிப் படியுங்கள். ‘ஒன்றும் செய்யாது, எல்லா வீட்டிலும் இதைத்தான் அடிக்கிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். எந்தப் பக்கங்களில் அடிக்க வேண்டும் என்பதை நீங்களே காட்டிக்கொடுங்கள். சதுர மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவர் முதுகுப்பக்கத்தையும் விடமாட்டார்.

பூச்சு நிரந்தரமல்ல. உட்கார்ந்து எழும் உராய்வும் பிராணியின் உடல் எண்ணெயும் அதைத் தேய்க்கும், துவைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். நாள் கணக்கு வைத்து மறுபடி அடிக்க வேண்டாம். தண்ணீர் உருளாமல் உடனே இறங்குகிற இடத்தில் மட்டும், அதையும் மறுபடி சுத்தம் செய்து, வெளியே வைத்து அடியுங்கள். பெரும்பாலும் இருக்கைக் குஷன்களோடு வேலை முடிந்துவிடும். மிச்சம் உள்ள பாட்டிலை நாய்க்கு எட்டாத, பூட்டிய அலமாரியில் வையுங்கள். ஏரோசால் டப்பா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் இடத்தில், குறிப்பாக வெயிலில் நிற்கும் காருக்குள், வைக்காதீர்கள். வெற்று டப்பாவைத் துளைப்பதும் எரிப்பதும் கூடாது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.